பாசி செத்தால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீச்சல் குளத்தில் பாசி பிடிப்பது பெரிய குற்றமில்லை. வெயில் கொளுத்துகிற ஊரில், தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் பாசி பிடிக்கத்தான் செய்யும். பாசியைக் கண்டதும் வேறு எதையும் பார்க்காமல் மருந்து கேனைத் திறக்கிறார்களே, அதுதான் குற்றம். பாசி மருந்து விற்கிறவர்கள், குளம் நடத்துகிறவர்கள், "கண்ணாடி மாதிரி இருக்கு, குதிடா" என்று பிள்ளையைத் தள்ளிவிடுகிற அப்பாக்கள், எல்லோரும் கோபித்துக்கொள்ளலாம். பரவாயில்லை.

"வரதராஜன்பேட்டைக்காரனுக்கு நீச்சல் குளத்தைப் பத்தி என்னடா கவலை?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் முந்திரிக்காட்டு ஊர். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு நீச்சல் என்றால் கிணறு, ஏரி, அதுவும் இல்லையென்றால் பம்ப்செட் தொட்டி. நீல டைல்ஸ் ஒட்டிய குளத்தை சினிமாவில்தான் பார்த்திருக்கிறோம். இப்போது நிலைமை மாறிவிட்டது. தோப்போரம், ரோட்டோரம் என்று தலைக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என வசூலிக்கும் குளங்கள் சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டன. சனி, ஞாயிறு ஆனால் பிள்ளைகள் கூட்டம். ஆழம் தெரியாத கிணற்றில் குதிப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று பெற்றோரும் அனுப்புகிறார்கள். நானும் அதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் இந்தக் குளங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. யாரும் போகாத இடம் என்றால் நான் ஏன் மெனக்கெடப் போகிறேன்?

போன கோடையில் அப்படி ஒரு குளத்துக்குப் போயிருந்தேன். (எந்த ஊர், யார் குளம் என்பதெல்லாம் வேண்டாம்.) தண்ணீர் லேசான பச்சை. ஓரத்தில் கால் வைத்தால் வழுக்கல்.

"அண்ணே, தண்ணி பச்சையா இருக்கே?"

"அது ஒண்ணுமில்ல தம்பி. காலைலதான் பாசி மருந்து ஊத்தியிருக்கேன். நாளைக்கு வந்து பாரு, அடி தெரியும்."

"குளோரின் எவ்வளவுண்ணே இருக்கு?"

"அதெல்லாம் போட்டிருக்கு தம்பி. வாடை வரல?"

இந்த நாலு வரியில் நம் ஊர் நீச்சல் குளப் பராமரிப்பு மொத்தமும் அடங்கிவிட்டது. பச்சை தெரிந்தால் மருந்து. வாடை வந்தால் குளோரின் இருக்கிறது. அடி தெரிந்தால் சுத்தம். மூன்றுமே தப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாசி என்கிற தூதன்

இராமாயணத்தில் அனுமனைக் கொல்லச் சொல்லி இராவணன் உத்தரவிட்டதும் விபீடணன் என்ன சொல்கிறான்? தூதனைக் கொல்வது முறையல்ல என்கிறான். நீச்சல் குளத்தில் பாசியும் தூதன்தான். அது கொண்டுவரும் சேதி ஒன்றே ஒன்று: "உன் குளத்தில் குளோரின் வேலை செய்யவில்லை."

எப்படி என்று கேட்கிறீர்களா? பாசி வானத்திலிருந்து குதிப்பதில்லை. அதன் விதைகள் மாதிரியான நுண்ணிய செல்கள் காற்றில், தூசியில், மழைத் தண்ணீரில், நம் உடம்பில், நம் டவுசரில் எந்நேரமும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. குளத்தில் போதுமான குளோரின் இருந்தால் வந்த வேகத்தில் சாகும். குளோரின் இல்லாத நேரத்தில்தான் பிழைத்துப் பெருகும். அது கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிற அளவுக்குப் பெருகிவிட்டது என்றால், குளோரின் ஏதோ ஒரு மணி நேரம் லீவு போட்டது என்று அர்த்தமில்லை. நல்ல நீண்ட லீவு.

சரி, பாசியைத் தடுக்க முடியாத தண்ணீர் வேறு எதைத் தடுத்திருக்கும்? பாசி பெருகிய அதே நேரத்தில் வயிற்றுப்போக்குக் கிருமியும், காதில் சீழ் வைக்கும் கிருமியும் சும்மா இருந்திருக்குமா? அவற்றுக்குப் பச்சை நிறம் கிடையாது. அதனால் தெரியாது, அவ்வளவுதான். உண்மையில் பாசி நமக்கு உபகாரம் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டிக்கொடுக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? காட்டிக்கொடுத்தவனை மட்டும் தீர்த்துக்கட்டிவிட்டு டிக்கெட் கிழிக்கிறோம்.

குளோரின் ஏன் லீவு போடுகிறது?

இங்கேதான் பாடம் இருக்கிறது. கெமிஸ்ட்ரி என்றதும் ஓடிவிடாதீர்கள், சுருக்கமாகவே சொல்கிறேன்.

1. வெயில். திறந்தவெளிக் குளத்தில் சும்மா போட்ட குளோரினின் பெரும்பகுதியை உச்சிவெயில் சில மணி நேரத்தில் தின்றுவிடும். காலையில் போட்டது மாலையில் இருக்காது. மாலையில்தான் கூட்டம் வரும்!

2. பி.ஹெச். குளோரின் தண்ணீரில் கரைந்ததும் உண்மையில் கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.ஹெச். 7.5 என்றால் குளோரினில் ஏறக்குறையப் பாதி அந்த வடிவில் இருக்கும். 8 ஆனால் கால் பங்குகூடத் தேறாது. சுண்ணாம்புப் பாறையை வெட்டி சிமெண்ட் செய்கிற மாவட்டம் எங்களுடையது. அந்தப் பாறைப் பகுதிகளில் போர்வெல் தண்ணீர் கடினமாக இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பி.ஹெச். பார்க்காமல் குளோரின் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி.

3. மனிதர்கள். வியர்வை, எண்ணெய், பவுடர், (மன்னிக்கவும்) சிறுநீர், எல்லாமே குளோரினைத் தின்னும். இப்படி அழுக்கோடு சேர்ந்த குளோரினைக் குளோரமைன் என்கிறார்கள். மூக்கில் ஏறும் அந்த வாடையும் கண் எரிச்சலும் பெரும்பாலும் இதனால் வருவதுதான். அதாவது வாடை தூக்கலாக அடிப்பது, வேலைக்கு ஆகாத குளோரின் அதிகமாகி, வேலை செய்கிற குளோரின் குறைந்துவிட்டதற்கு அடையாளம். "வாடை வரல?" என்று கேட்ட அண்ணன் கவனிக்க.

4. மாத்திரை. ட்ரைக்குளோர் மாத்திரை போடுவது சுலபம் என்று பல இடங்களில் அதையே நம்பியிருக்கிறார்கள். அந்த மாத்திரையில் சயனூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலிலிருந்து குளோரினைக் காப்பாற்றுவது அதன் வேலை. அளவாக இருந்தால் நல்லது. ஆனால் ஒவ்வொரு மாத்திரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும், தானாகக் குறையாது. கூடிவிட்டால் குளோரினையே கட்டிப்போட்டுவிடும். டெஸ்ட் பண்ணினால் குளோரின் இருப்பதாகக் காட்டும், ஆனால் கிருமியைக் கொல்வதில் சோம்பேறியாகிவிடும். 100 பி.பி.எம்.மைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாண்டினால் ஒரே வழி, தண்ணீரின் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவது. காசு செலவாகும். பாசி மருந்து மலிவு. எதைச் செய்வார்கள் என்று நான் சொல்லவா வேண்டும்?

5. ஃபில்டர். மணல் ஃபில்டரை நாள் முழுக்க ஓட்டினால் கரண்ட் பில் ஏறும் என்று இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுவது. பேக்வாஷ் பண்ணாமல் விடுவது. தண்ணீர் சுற்றவில்லை என்றால் மூலைகளுக்குக் குளோரின் போய்ச் சேராது. பாசி எப்போதும் மூலையில், படிக்கட்டில், ஏணிக்குப் பின்னால் முதலில் வருவது இதனால்தான்.

இந்த ஐந்தில் எதையாவது பாசி மருந்து சரிசெய்யுமா? ஒன்றைக்கூட செய்யாது. தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு பல் சொத்தையைப் பார்க்காமல் விடுகிற கதைதான்.

ரியோவில் நடந்தது

"பெரிய இடங்களில் இப்படியெல்லாம் நடக்காது" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2016 ரியோ ஒலிம்பிக். டைவிங் நடக்கும் குளம் ஒரே நாளில் பச்சையாகிவிட்டது. உலகமே டிவியில் பார்த்தது. அடுத்து பக்கத்தில் இருந்த வாட்டர் போலோ குளமும் நிறம் மாறியது. காரணம் என்ன தெரியுமா? பாசி மருந்து குறைந்துபோனதல்ல. போட்டி தொடங்கும் சமயத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிவிட்டார். அதுவும் கிருமிநாசினிதான். ஆனால் குளோரினோடு சேர்ந்தால் குளோரினை முறித்துவிடும். குளோரின் போனது, பச்சை வந்தது. கடைசியில் ஒரு குளத்தின் தண்ணீரையே, கிட்டத்தட்ட 37 லட்சம் லிட்டர், வெளியேற்றிவிட்டு மாற்றுத் தண்ணீர் நிரப்பினார்கள்.

ஒலிம்பிக்கிலேயே இப்படி என்றால், எதையாவது ஊற்றினால் சரியாகிவிடும் என்கிற எண்ணம் எவ்வளவு ஆபத்து என்று புரியும். "மருந்து" என்று பெயர் வைத்துவிட்டால் நமக்கு மரியாதை வந்துவிடுகிறது. எது எதோடு சேரும், எது எதை முறிக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு கிலோ மயில்துத்தத்தின் கணக்கு

பாசி மருந்து என்று விற்பதில் பல வகை உண்டு. சிலது சோப்பு இனத்தைச் சேர்ந்த திரவம். கூடினால் குளத்தில் நுரை கிளம்பும். ஆனால் நம் ஊரில் ரொம்பப் பேருக்குத் தெரிந்தது மயில்துத்தம். காப்பர் சல்பேட். சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாகச் செடிகளுக்கு அடிக்கிறார்களே, அதே நீலக்கல். உரக்கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். "நம்ம துத்தம்தானே, ஒரு கிலோ போடு" என்பது ரொம்பச் சாதாரணமாக வருகிற வார்த்தை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 அடி நீளம், 20 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம். மொத்தம் 3200 கன அடி. லிட்டரில் ஏறக்குறைய 90,000. மயில்துத்தத்தில் கால் பங்கு செம்பு. ஒரு கிலோ போட்டால் 255 கிராம் செம்பு. வகுத்தால் லிட்டருக்கு 2.8 மில்லிகிராம். குடிதண்ணீரில் செம்புக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 2 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி வேறு வழியே இல்லாவிட்டாலும் 1.5-க்கு மேல் போகக்கூடாது. "குளத்துத் தண்ணியை யார் குடிக்கிறா?" என்கிறீர்களா? நீச்சல் பழகும் ஆறு வயசுப் பிள்ளையைப் பத்து நிமிஷம் கவனித்துப் பாருங்கள், எத்தனை மடக்கு உள்ளே போகிறது என்று.

இன்னொரு விஷயம். குளோரின் வேலை செய்யும், தீர்ந்துபோகும். செம்பு தீராது. வெயிலில் தண்ணீர்தான் ஆவியாகுமே தவிர செம்பு ஆவியாகாது. அடுத்த வாரம் இன்னொரு கிலோ போட்டால் பழையதோடு சேரும். கடினத் தண்ணீராக இருந்தால் ஒரு பகுதி கரையாமல் படிந்து சுவரிலும் தரையிலும் கறையாக நிற்கும். கறையானது பாசியைக் கொல்லாது. உடனே "மருந்து பத்தல" என்று இன்னும் கொஞ்சம். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் முடி நீச்சல் குளத்தில் பச்சையாகிறது என்று சொல்வார்களே, அது குளோரினால் அல்ல, செம்பினால். நமக்குக் கறுப்பு முடி. அதனால் அந்த எச்சரிக்கை மணியும் நமக்குக் கிடையாது.

இதே குளத்துக்கு 2 பி.பி.எம். குளோரின் ஏற்ற எவ்வளவு வேண்டும் தெரியுமா? 180 கிராம் குளோரின். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் என்று வைத்தால், அரைக் கிலோவுக்குச் சற்று மேல். (மூட்டை பிரித்துப் பல மாதம் ஆன பவுடரில் பாதிகூட இருக்காது, அது தனிக்கதை.) இதை அளந்து, டெஸ்ட் பண்ணி, நாளுக்கு இரண்டு மூன்று தடவை சரிபார்ப்பதுதான் பராமரிப்பு. ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. பேரூராட்சி ஊழியர் தெருக்குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று குளோரோஸ்கோப்பில் பார்ப்பாரே, அதே வேலைதான். தெருக்குழாய்க்கு நடக்கிற சோதனை, காசு கொடுத்துக் குளிக்கிற இடத்தில் ஏன் நடப்பதில்லை?

அடி தெரிந்தால் சுத்தமா?

அடி தெரிய வேண்டும், அதில் மாற்றுக்கருத்தே இல்லை. 2011 ஜூனில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், ஃபால் ரிவர் என்ற ஊரின் பொது நீச்சல் குளத்தில் ஒரு பெண் மூழ்கி இறந்தார். தண்ணீர் கலங்கலாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் குளம் திறந்தே இருந்தது, மக்கள் குளித்துக்கொண்டே இருந்தார்கள், உடல் அடியில் கிடந்தது. படிக்கும்போதே உடம்பு நடுங்குகிறது இல்லையா? பாசி மருந்து ஊற்றியதும் செத்த பாசி முழுக்கத் தண்ணீரில் கலங்கி நிற்கும். ஃபில்டர் அதைப் பிடித்து, அடியில் உறிஞ்சி எடுத்து முடிக்கும்வரை குளம் பால் கலந்த மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் ஆள் இறக்குவது கொலைக்குச் சமம். ஆனால் சனிக்கிழமை வசூலை யார் விடுவார்?

அடி தெரிந்தால் மட்டும் போதாது என்பது இன்னொரு பக்கம். இதற்குக் கேரளத்தைப் பார்க்க வேண்டும். 2024 மே முதல் ஜூலைக்குள் அங்கே மூன்று சிறார்கள் அமீபா மூளைக்காய்ச்சலால் இறந்தார்கள். "மூளையைத் தின்னும் அமீபா" என்று பேப்பரில் வந்ததே, அதுதான். அந்த ஜூலையிலேயே தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையும் நீர்நிலைகள், நீச்சல் குளங்கள் பற்றி எச்சரிக்கை விடுத்தது. 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம் ஆக்குளம் சுற்றுலா கிராமத்து நீச்சல் குளத்தில் குளித்த 17 வயது மாணவருக்கு நோய் என்று தெரிந்ததும், சுகாதாரத் துறை அந்தக் குளத்தை மூடிவிட்டுத் தண்ணீர் மாதிரி எடுத்துக்கொண்டு போனது.

இந்த அமீபா குடித்தால் வராது. மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறினால்தான் வரும். வெதுவெதுப்பான தண்ணீர் அதற்கு ரொம்பப் பிடிக்கும். எங்கள் ஊர் மே மாதத்துக்கு வெதுவெதுப்பு பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வழுவழுப்பான படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதற்குச் சாப்பாடு. நோய் மிக அரிது, பீதி கிளப்புவது என் நோக்கமல்ல. ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் மிகச் சிலர். நீச்சல் குளத்தில் அதைத் தடுத்து வைப்பது ஒழுங்காக நிர்வகிக்கப்பட்ட குளோரினும், தேய்த்துக் கழுவிய சுவரும், ஓடுகிற ஃபில்டரும்தான். பாசி மருந்து கேனில் இதற்கெல்லாம் உத்தரவாதம் இல்லை. குளோரினே இல்லாமல், துத்தம் மட்டும் போட்டுப் பளபளவென்று வைத்திருக்கிற குளம், பச்சைக் குளத்தைவிட ஆபத்து என்பேன். பச்சையைப் பார்த்தால் அம்மா உள்ளே விடமாட்டாள். பளபளப்பைப் பார்த்தால் விட்டுவிடுவாள்.

அதே மூட்டை ஊர்க்குளத்துக்கு

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. நீச்சல் குளத்தில் துத்தம் போட்டுத் தண்ணீர் தெளிந்ததைப் பார்த்த பெரியவர் ஒருவர், "நம்ம ஊர்க்குளத்துக்கும் ரெண்டு மூட்டை கொட்டினா என்னப்பா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. ஊர் நல்லா இருக்கட்டும் என்றுதான் கேட்கிறார். ஆனால் அப்படிக் கொட்டிய ஊர்களின் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் பாம் தீவு. 1979. அங்கே குடிதண்ணீர் தரும் சாலமன் அணையில் பாசி மண்டிவிட்டது. தண்ணீரில் நாற்றம், ருசி சரியில்லை என்று மக்கள் புகார் சொல்ல, அதிகாரிகள் காப்பர் சல்பேட் போட்டார்கள். பாசி செத்தது. சில நாளில் ஊரில் பிள்ளைகள் வாந்தியும் வயிற்றுவலியுமாக, ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். மொத்தம் 148 பேர். அதில் 138 பேர் குழந்தைகள். என்ன நோய் என்றே தெரியாமல் "பாம் தீவு மர்ம நோய்" என்று பெயர் வைத்தார்கள். பிறகுதான் புரிந்தது: அந்த நீலப்பச்சைப் பாசியின் உடம்புக்குள் நஞ்சு இருந்தது. உயிரோடு இருந்தவரை பெரும்பகுதி அதன் உள்ளேயே இருந்தது. மருந்து போட்டுக் கொன்றதும் செல் உடைந்து நஞ்சு முழுக்கத் தண்ணீரில் கலந்தது. பாசியைக் கொன்று தண்ணீரைக் கெடுத்த கதை இதுதான்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ஃபேர்மான்ட் ஏரிகளில் 58 வருஷம் காப்பர் சல்பேட் போட்டார்கள். என்ன ஆயிற்று என்று 1984-ல் ஆய்வு வெளியானது. செம்பு அடிச்சேற்றில் சேர்ந்திருந்தது. பாசிகள் மருந்துக்குப் பழகிவிட்டன, மோசமான நீலப்பச்சை வகை கூடியது. செத்த பாசி அழுகியதில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தது. நல்ல மீன் போய் மட்டமான மீன் வந்தது. 58 வருஷ உழைப்புக்குக் கிடைத்த கூலி!

கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் ஏரி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஏரிக்குப் பாசி வராமலா இருந்திருக்கும்? வரத்து வாய்க்கால், வடிகால், தூர் வாருவது, மீன், இவைதான் ஏரியின் மருந்து. சாக்கடையும் உரத்தண்ணீரும் குளத்துக்குள் வருவதை நிறுத்தாமல் துத்தம் கொட்டுவது, ஒரு கையால் பாசிக்குச் சோறு போட்டுக்கொண்டே மறு கையால் விஷம் வைப்பது.

"அப்படியென்றால்..." என்று கேட்பவர்களுக்கு

"குளோரின் மட்டும் ரசாயனம் இல்லையா?" ரசாயனம்தான். ரசாயனமே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? அளக்கக்கூடிய, வேலை முடிந்ததும் தீர்ந்துபோகிற, கிருமியையும் பாசியையும் சேர்த்துக் கொல்கிற ஒன்றை விட்டுவிட்டு, தீராத ஒன்றைக் கண்ணளவில் கொட்டாதே என்கிறேன்.

"வெளிநாட்டில் பாசி மருந்து விற்கத்தானே செய்கிறார்கள்?" விற்கிறார்கள். மாதக்கணக்கில் குளத்தை மூடி வைக்கும்போது, அல்லது குளோரினும் பி.ஹெச்.சும் சரியாக இருந்தும் பாசி அடங்காதபோது, லேபிளில் போட்டிருக்கும் அளவுப்படி கூடுதல் துணையாகப் பயன்படுத்துகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஊறுகாய் தொட்டுக்கொள்ளத்தான். ஊறுகாயே சோறாகிவிட்டதுதான் இங்கே பிரச்சினை.

"தாத்தா காலத்தில் பச்சை ஏரியில் குளித்தார்களே?" குளித்தார்கள். ஏரி நிறைய தண்ணீர், மீன், பாசியைத் தின்னும் பூச்சிகள், மழை வந்தால் வழிந்தோட கலிங்கு. அப்படியும் ஏரித்தண்ணீரால் எத்தனை பேருக்கு எத்தனை நோய் வந்தது என்று தாத்தாவிடமே கேளுங்கள். சிமெண்ட் தொட்டியில் நூறு பிள்ளைகளை இறக்கிவிட்டு ஏரியை உதாரணம் காட்டுவது நியாயமில்லை.

"இதெல்லாம் பார்த்தால் தொழில் நடத்த முடியாது." இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. டெஸ்ட் கிட் வாங்க, சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்க, ஃபில்டரை ஓட்ட முடியாதவர் எதற்குக் குளம் நடத்த வேண்டும்? ஓட்டலில் கெட்ட எண்ணெயை மாற்றினால் கட்டுப்படியாகாது என்றால் ஒத்துக்கொள்வோமா?

நாம் என்ன கேட்க வேண்டும்?

நீச்சல் குளத் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1993-லேயே ஐ.எஸ். 3328 என்று ஒரு தரம் வகுத்து வைத்திருக்கிறது. பேப்பரில் எல்லாம் இருக்கிறது. குளத்தங்கரையில்தான் இல்லை. ஆகவே:

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒரு கரும்பலகை வைக்க வேண்டும். இன்றைய தேதி, நேரம், குளோரின் எவ்வளவு, பி.ஹெச். எவ்வளவு. நாளுக்கு மூன்று தடவை எழுத வேண்டும். குளோரின் குறைந்தது 1 பி.பி.எம்., சயனூரிக் அமிலம் கலந்த குளோரின் என்றால் 2. பி.ஹெச். 7.2-லிருந்து 7.8-க்குள். ஒரு சாக்பீஸ் செலவு!

குளத்தின் ஆழமான பகுதியில் அடியில் இருக்கும் வடிகால் சல்லடை கரையிலிருந்து தெளிவாகத் தெரியவில்லை என்றால் யாரையும் இறக்கக்கூடாது. சனிக்கிழமையாக இருந்தாலும் சரி.

குளம் பச்சையானால் மூட வேண்டும். பி.ஹெச்.சைச் சரிசெய்து, கூடுதல் குளோரின் ஏற்றி, சுவரைத் தேய்த்து, ஃபில்டர் ஓட்டி, செத்ததை உறிஞ்சி எடுத்து, குளோரின் பழைய அளவுக்கு இறங்கிய பிறகு திறக்க வேண்டும். அவசரத்தில் ட்ரைக்குளோர் மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலக்கிவிடாதீர்கள். தீப்பிடிக்கும், விஷவாயு கிளம்பும்.

பேரூராட்சிக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் ஒரு வேண்டுகோள். தெருக்குழாய்க்குப் போகிற அதே குளோரோஸ்கோப்பை மாதம் ஒருமுறை இந்தக் குளங்களுக்கும் எடுத்துப் போங்கள். ஐந்து நிமிஷ வேலை.

நமக்கும் வேலை இருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் "குளோரின் எவ்வளவுண்ணே? எப்ப பார்த்தீங்க?" என்று கேளுங்கள். எண்ணாகப் பதில் வந்தால் இறங்குங்கள். "போட்டிருக்கு தம்பி" என்று வந்தால் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். பத்துப் பேர் அப்படித் திரும்பினால் பதினோராவது ஆள் வருவதற்குள் டெஸ்ட் கிட் வந்துவிடும். தண்ணீர் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்கிற கண் நமக்கு இருக்கிறது. அளவு என்ன என்று கேட்கிற வாயும் வேண்டும்.